பதில் போடும் பழக்கம்

ராத்திரி வேலை செய்கிறவனுக்குக் காலைச் சாப்பாடு என்று தனியாக ஒன்று கிடையாது. எட்டு மணிக்கு நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலை மூடிக்கொண்டு படுப்பேன். ஐந்து வருஷமாக இப்படித்தான். அதனால் காலை பத்து மணிக்கு நான் கொட்டாவி விட்டதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர்.

நீங்கள் கேட்டது பாட்டுகளைப் பற்றி. எத்தனை பாட்டு, யார் ஏற்றியது, ஏன் மற்றவர்கள் பெயரில். வாயால் சொன்னால் வரிசை கெட்டுவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். தாள் கொடுத்தீர்கள். தமிழிலேயே எழுது, மலாய்க்கு நான் மாற்றிக்கொள்கிறேன் என்றீர்கள். அதற்கு நன்றி. நீங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டியிருக்கும்.

என் பெயர் அர்ஜுனன். வயது இருபத்தேழு. ஊர் சுங்கை பாக்காப். பல்கலைக்கழகத்தில் கணினி படித்தேன், இரண்டாம் வருஷத்தில் விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கப்புறம் போய் உட்காரக் கூச்சமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டது. தொண்ணூற்று நாலில் பினாங்கு பீச் ஸ்திரீட்டில் ஒரு மாடியில் இந்த வேலை கிடைத்தது. அப்போது அங்கே கணினிப் பழுது பார்த்தார்கள். பிறகு அதே இடம் இணையச் சேவைக் கம்பெனி ஆனது.

வேலை எளிது. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாக எங்கள் மோடத்தைக் கூப்பிடுவார். எங்கள் மோடம் அவரை வெளியுலகத்தோடு சேர்த்துவிடும். ராத்திரி பதினொன்றிலிருந்து காலை எட்டு வரை அந்த மோடம்களுக்குக் காவல் நான். எதாவது மோடம் நடுவில் சிக்கி நின்றுவிட்டால் அணைத்துத் திரும்பப் போட வேண்டும். வேறு ஆள் கிடையாது.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரியும், சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள ஐந்து மெகாபைட் இடமும் கம்பெனி கொடுத்தது. அந்த இடத்தை யாரும் தொடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பாட்டைச் சுருக்கினால் நாலு மெகாபைட் வரும். ஆளுக்கு ஒரு பாட்டு என்று ஏற்ற ஆரம்பித்தேன்.

எல்லாம் பழைய சினிமாப் பாட்டு. கடையில் கேசட்டாகக்கூடக் கிடைக்காதவை. ஒரு காசு வாங்கவில்லை, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பாட்டுப் பட்டியல் மட்டும் வெளிநாட்டில் ஓர் இலவசப் பக்கத்தில் இருந்தது. அதன் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஓடும். நார்வேயிலிருந்து எழுதுவார்கள், கனடாவிலிருந்து எழுதுவார்கள். என்னை ஐயா என்பார்கள், பேராசிரியர் என்று நினைத்தவர்களும் உண்டு. நான் மறுக்கவில்லை. வேலைக்கு வந்ததும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன். காலையில் போகும்போதும் பார்ப்பேன். என் வாழ்க்கையில் ஏறிக்கொண்டே போனது அது ஒன்றுதான்.

தொண்ணூற்றெட்டு நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஒரு வக்கீல் கடிதம் வந்தது. பாட்டு உரிமை வைத்திருக்கும் கம்பெனி ஒன்றின் சார்பில். எங்கள் வாடிக்கையாளர் பதினோரு பேருடைய பக்கங்களில் திருட்டுப் பாட்டு இருக்கிறது, நடவடிக்கை எடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இந்த மாதிரிப் புகார்கள் வரும் மின்னஞ்சல் பெட்டியைப் பகலில் யாரும் தொட மாட்டார்கள். அது ராத்திரி ஆளின் வேலை. அதாவது, என்னைப் பற்றிய புகாரைத் திறந்து படித்து, குற்றவாளியைக் கண்டுபிடித்து, எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்காக மேசையில் வைக்க வேண்டியவன் நானே.

கையெழுத்துப் போடுகிறவர் சுலைஹா அக்கா, பினாங்கு கிளை மேனேஜர். அன்று காலை நான் புறப்படும்போது நிறுத்திவைத்துச் சொன்னார்.

"தம்பி, முந்தி மாதிரி இல்லே. நாங்க லைன் குடுக்கிறவங்க, அதுல யாரு என்னா பண்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சிக்கிட்டிருந்தோம். வக்கீலு அதுக்குத்தான் அடிக்கிறாரு. தெரிஞ்சதுக்குப் பெறகும் லைன் குடுத்தா நீங்களும் கூட்டுன்றாரு. நம்ம பேருலயே கேஸ் வரும்லா."

"என்னக்கா செய்யணும்?"

"கோலாலம்பூர் ஹெட் ஆபீஸ்ல புது ரூல் போட்டிருக்கு. மூணு லெட்டர். மூணாவது லெட்டரோட வெட்டு. திரும்பத் திரும்பச் செய்யிற ஆளு யாருன்னு ஒரு பேரு காட்டணும், வெட்டிட்டோம்னு காட்டணும். அவ்ளோதான். ஒரு பேரு காட்டிட்டா அவரு நம்மள விட்டுருவாரு."

நல்ல ரூல். நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டார்கள். பெயர்ப் பட்டியல் என்னிடம் இருந்தது.

பதினோரு பேருக்கும் முதல் எச்சரிக்கை போனது. ஒன்பது பேர் கண்டுகொள்ளவில்லை. பத்தாவது ஆள் ஷேக் அலாவுதீன், மார்க்கெட் ஸ்திரீட்டில் ஜவுளிக்கடை. மறுநாள் காலை எட்டுக்கே கடிதத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார்.

"நான் ஜவுளிக்கடை வச்சிருக்கேனா, படக்கொட்டகை வச்சிருக்கேனா? எவன் பாட்டுப் போட்டான்? மவன் கம்பியூட்டர் வாங்கிக் குடுத்தான், நான் அது மேல கைலிக் கட்டு அடுக்கி வச்சிருக்கேன். கைலிக்கட்டு பாடுதாம்லா!"

"பாய், உக்காருங்க பாய். தே தாரிக் சொல்றேன்" என்றார் சுலைஹா அக்கா.

"தே தாரிக்கெல்லாம் வேணாம். என் கடைக்குப் பக்கத்துலயே நல்லாப் போடுறான். கோலாலம்பூர்லேர்ந்து ஆள வரச்சொல்லுமா. மெசினத் தொறந்து பாக்கச் சொல்லு. என் பேர்ல எவன் உள்ள பூந்தான்னு தெரியாம நான் எறங்க மாட்டேன்."

பதினோரு மணி வரை இறங்கவில்லை. நானும் வீட்டுக்குப் போகாமல் ஓரமாக நின்றிருந்தேன். கடைசியில் அவர் பெயரைப் புகாரிலிருந்து எடுத்துவிடுவதாக அக்கா ஒத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாட்டை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால் இப்படி ஆளுக்கு ஒருவர் மாடி ஏறுவார். அதில் யாராவது ஒருவர் இறங்கவே மாட்டார். கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்து இயந்திரத்தைத் திறந்தால், எல்லாப் பாட்டும் உள்ளேயிருந்தே ஏறியிருக்கிறது என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பதினோராவது ஆள் அப்புத்துரை.

அவரிடமிருந்து பதில் தபாலில் வந்தது, ஒரு வாரத்துக்குள், பதிவுத் தபாலில். தட்டச்சு செய்தது. மேலே எங்கள் கடிதத்தின் எண்ணும் தேதியும் சரியாகக் குறித்திருந்தது. தங்கள் மேலான கடிதம் கிடைத்தது, தங்கள் நிறுவனத்துக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன், இது மறுபடி நிகழாது என்று உறுதி கூறுகிறேன். முதல் பக்கம் அவ்வளவுதான். இரண்டாவது பக்கமும் இருந்தது. தனக்குப் பாட்டு ஏற்றத் தெரியாது, எந்த நாள், எந்த நேரம் இது நடந்தது என்று அறியத் தந்தால் விசாரித்துப் பார்க்க உதவியாக இருக்கும் என்று அதில் கேட்டிருந்தார். "அறியத் தரவும்" என்ற சொல்லை நான் முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள் அப்படி எழுதுவார்கள் என்று பிறகு தெரிந்தது.

முதல் பக்கத்தைக் கோப்பில் வைத்தேன். இரண்டாவது பக்கத்தை வைக்கவில்லை.

அவருடைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தொன்பது வயது. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் எழுத்து வேலை, கிராணி. அக்கரையில், பாகான் டாலாமில் வீடு. மனைவி இல்லை. நாங்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை எண்ணையே முதல் பாஸ்வேர்டாகப் போட்டுக் கொடுப்போம். உடனே மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். அவர் மாற்றவில்லை. ஆபீஸை அவர் கந்தோர் என்பார்; கந்தோர் கொடுத்ததைத் தானாக மாற்றுவது முறையில்லை என்று அவர் நினைத்ததாகப் பிறகு அவரே சொன்னார்.

அந்த வாரத்தில் எல்லாப் பாட்டையும் மற்றவர்கள் பெயரிலிருந்து எடுத்து அவர் பெயருக்கு மாற்றினேன். அவருடைய ஐந்து மெகாபைட்டை முந்நூறு ஆக்க ஒரு வரி எழுதினால் போதும். மற்றப் பத்துப் பேர் தப்பித்தார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாட்டுகளை அழித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் நடந்திருக்காது. அப்போது அந்த எண் நாற்பத்தோராயிரத்தில் இருந்தது. நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

ஜனவரியில் இரண்டாவது புகார் வந்தது, இந்தத் தடவை அப்புத்துரை பெயர் மட்டும். இரண்டாவது எச்சரிக்கை போனது. மறுபடியும் பதிவுத் தபால். மறுபடியும் ஆழ்ந்த வருத்தம். மறுபடியும் இரண்டாம் பக்கம்.

சுலைஹா அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எழுபது வயசு ஆளு தம்பி. இவரா பாட்டு ஏத்துறாரு?"

"வீட்டுல வேற யாராச்சும் இருக்கலாம்லாக்கா."

"யாரு?"

"தெரியலே."

அவர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அவரே வருத்தம் தெரிவிச்சிட்டாரே. செய்யாதவன் எதுக்கு வருத்தம் தெரிவிக்கப் போறான்? சண்டை இல்லே போடுவான், அலாவுதீன் பாய் மாதிரி" என்று சொல்லிக் கோப்பை மூடினார். நல்ல மனுஷி. அவர் மேல் தப்பு இல்லை. அவருக்கு ஒரு பக்கம்தான் கிடைத்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை அப்புத்துரையை நேரில் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு நான் இறங்கும்போது மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். பெர்ரியில் வந்திருக்கிறார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, குடை, பழுப்பு உறை.

"தம்பி, கந்தோர் எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

"எட்டரைக்கு, ஐயா."

"அப்ப அரை மணித்தியாலம் முந்தி வந்திட்டன். பரவாயில்லை. ரயில் ஆக்கள் அப்பிடித்தான்." அவரே சிரித்துக்கொண்டார். "நீர் இங்க வேலையோ?"

ஆமாம் என்றேன். என்ன விஷயம் என்று கேட்டேன். எனக்குத் தெரியாதது போலக் கேட்டேன்.

"இரண்டு கடிதம் வந்தது. ஏதோ பாட்டாம். எனக்கு விளங்கேல்லை. பிழை என்ர பக்கமா இருக்கலாம், எந்த விசையையாவது மாறி அமத்தியிருப்பன்."

"செய்யலேன்னா செய்யலேன்னு எழுதிப் போடலாம்ல, ஐயா?"

"அது முறையில்லைத் தம்பி. ஒரு டிப்பார்ட்மென்ட் பிழை எண்டு எழுதினா, முதல்ல வருத்தம் தெரிவிக்கிறது, பிறகு விசாரிக்கச் சொல்லிக் கேக்கிறது. எடுத்த எடுப்பில இல்லை எண்டு எழுதக் கூடாது. முப்பத்தாறு வருசம் நான் அப்பிடித்தான் எழுதினனான். ஒருக்காலும் பிழைச்சதில்லை."

பிறகு, நான் கேட்காமலே, தான் எதற்காக இணையம் எடுத்தார் என்று சொன்னார். இதை நான் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு எப்போது என்ன தெரியும் என்பது உங்களுக்குத் தேவைப்படும். இது இரண்டாவது எச்சரிக்கைக்குப் பிறகு, மூன்றாவதற்கு முன்னால்.

அவருக்கு ஒரே மகள், கமலாம்பிகை. எண்பத்து மூன்றில் யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்தார். கணவன் செத்துப்போனான். தொண்ணூற்றைந்தில் ஊரே காலி செய்தபோது இரண்டு பிள்ளைகளோடு கிளம்பியவள், அதற்கப்புறம் தகவல் இல்லை. அகதிகளுக்கு உதவும் அமைப்பு ஒன்று கொழும்பில் இருக்கிறது. அது முகாம் முகாமாகப் போய், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் எழுதிக் கொடுத்த அட்டைகளைப் பெயர் பார்த்துக் கொடுக்கும். அட்டையில் உறவினரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். முகாமில் உள்ளவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால், கொழும்பில் அதைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். பதிலையும் அதே வழியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்புத்துரை அந்த அட்டையை நிரப்பிக் கொடுத்தார். எங்கள் கம்பெனி கொடுத்த முகவரியை எழுதி.

"அவளுக்குத் தெரிஞ்ச பழைய வீட்டை நான் விட்டிட்டன், புது வீடு தெரியாது, டெலிபோன் நம்பர் தெரியாது. அந்த அட்டை கையில கிடைச்சா, அவளுக்குத் தெரியப்போறது இந்த ஈமெயில் அட்ரஸ் ஒண்டுதான். போன மாசம் எழுதியிருக்கினம், மன்னார்ப் பக்கம் ஒரு முகாமில அந்தப் பேரில ஒரு பிள்ளை இருக்காம், அட்டையைக் கொண்டுபோறமாம். அதாலதான் தம்பி, இந்தக் கடிதத்தால லைனுக்கு ஒண்டும் வராதோ எண்டு கேக்க வந்தனான்."

ஒன்றும் வராது என்று சொன்னேன்.

மார்ச் எட்டாம் தேதி மூன்றாவது புகார் வந்தது. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் எனக்கு நேரம் இருந்தது. பாட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற நினைத்தேன், அது உண்மை. ஆனால் புது ஆள் என்றால் முதல் கடிதம், இரண்டாவது கடிதம் என்று எல்லாம் ஆரம்பத்திலிருந்து. அவர் அலாவுதீன் போல இருந்தால்? வக்கீலுக்கு ஒரு பெயர் கிடைத்தால்தான் ஓய்வார். ஏற்கெனவே இரண்டு வாங்கியவருக்கு மூன்றாவதைக் கொடுப்பதுதான் குறைந்த சேதம் என்று முடிவு செய்தேன். இப்போது யோசித்தாலும் அந்தக் கணக்கில் பிழை தெரியவில்லை.

மூன்றாவது கடிதத்தையும் துண்டிப்பு உத்தரவையும் ஒன்றாகத் தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன். அக்கா கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் வக்கீலுக்குத் தொலைநகல் போனது. திரும்பத் திரும்ப உரிமையை மீறிய வாடிக்கையாளர் அடையாளம் காணப்பட்டு நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டார். வக்கீல் நன்றி தெரிவித்து எழுதினார். எல்லோரும் பொறுப்பை நிறைவேற்றிவிட்டார்கள்.

அப்புத்துரை மறுநாளே வந்தார். நான் வேண்டுமென்றே தாமதித்து நின்றேன். அவர் லைனைக் கேட்கவில்லை.

"லைன் வேண்டாம், பிள்ளை. வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும். அந்த அட்ரஸை மட்டும் உயிரோட வையுங்கோ. வாரத்தில ஒருநாள் வந்து, இந்த ஸ்டூல்ல இருந்து, கடிதம் இருக்கோ எண்டு பாத்திட்டுப் போறன்."

சுலைஹா அக்கா அவர் முன்னாலேயே கோலாலம்பூருக்குப் போன் போட்டார். முடியாது என்றார்கள். துண்டித்தாயிற்று என்று வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தபின் அஞ்சலை மட்டும் திறந்துவைத்தால் அதுவே நமக்கு எதிரான சாட்சி. போனை வைத்துவிட்டு அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வேற கம்பெனில லைன் எடுத்துக்குங்க, ஐயா. நான் எழுதித் தர்றேன்."

"எடுக்கலாம். ஆனா அட்டையில இந்த அட்ரஸ் எல்லோ கிடக்கு. கொழும்புக்கு எழுதிப் போட்டு அதை மாத்த நாலு மாசம் எடுக்கும்."

எடுத்தார், எழுதியும் போட்டார். பதிவுத் தபாலில். ஆனாலும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்கள் மாடிக்கு வந்து, ஏதாவது மாற்றம் உண்டா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவார்.

இனி நீங்கள் கேட்காத பகுதி.

மூடிய கணக்கின் அஞ்சல் பெட்டி உடனே அழியாது. மூன்று மாதம் இருக்கும். வாடிக்கையாளரால் திறக்க முடியாது, ஆனால் வருகிற கடிதம் உள்ளே விழுந்துகொண்டே இருக்கும். அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் தோன்றும். என்னால் திறக்க முடியும்.

மார்ச் இருபத்து மூன்றாம் தேதி கமலாம்பிகையின் கடிதம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். கொழும்பில் யாரோ அவசரமாகத் தட்டியிருந்தார்கள். அட்டை கிடைத்தது, அப்பா. நானும் பிள்ளைகளும் சுகம். சின்னவனுக்கு மட்டும் காய்ச்சல் வந்து மாறியது. இங்கே மரத்தடியில் பள்ளிக்கூடம் நடக்கிறது, போகிறார்கள். முகாமில் பாதிச் சனம் படகில் இந்தியாவுக்குப் போகிறது. என்னையும் வரச் சொல்கிறார்கள். எனக்குக் கடலென்றால் பயம். நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரியாதபோது போகலாம் என்று நினைத்தேன். இப்போது உங்கள் சொல் வராமல் ஏற மாட்டேன். இருக்கவா, போகவா என்று அறியத் தரவும்.

அன்று காலை கீழே இறங்கினேன். செவ்வாய்க்கிழமை, அவர் வரும் நாள் இல்லை. அடுத்த திங்கட்கிழமை வந்தார். ஏதாவது மாற்றம் உண்டோ தம்பி என்றார். இல்லை, ஐயா என்றேன். மூடிய பெட்டியை நான் திறந்தது தெரிந்தால் வேறு எதையெல்லாம் திறந்தேன் என்று கேட்பார்கள். அதுவும் இல்லாமல், மூடிய கணக்கின் கடிதத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று எழுத்திலேயே ரூல் இருக்கிறது. நான் ரூலை மீறவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு கடிதம். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் அதே கேள்வி. பிறகு கொழும்பு அலுவலகமே எங்கள் கம்பெனிக்கு எழுதியது. இந்த முகவரி வேலை செய்கிறதா, தந்தை ஏன் பதில் போடவில்லை, தயவுசெய்து விசாரித்துச் சொல்லவும். நல்லவேளையாக அதுவும் ராத்திரிப் பெட்டிக்குத்தான் வந்தது. முகவரி நல்ல நிலையில் இயங்குகிறது என்று பதில் போட்டேன். அவர்கள் விடமாட்டார்கள், அடுத்து சுலைஹா அக்காவுக்கே போன் செய்வார்கள் என்று தெரிந்தது. வெளியிலிருந்து ஒருவர் அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தால் கோலாலம்பூர் ஆள் கட்டாயம் வருவார்.

ஏப்ரல் கடைசியில் கடிதங்கள் நின்றன.

மே பதினேழாம் தேதி கடைசிக் கடிதம் வந்தது. கொழும்பு அலுவலகத்திலிருந்து, அப்புத்துரைக்கு. மன்னாரிலிருந்து புறப்பட்ட படகொன்று மணல் திட்டில் மோதிக் கவிழ்ந்தது. கிடைத்த உடல்களின் பெயர் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். பட்டியலில் மூன்று பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன.

அன்று திங்கட்கிழமை. எட்டு மணிக்குப் படியில் நின்றார். மாற்றம் உண்டோ என்றார். இல்லை என்றேன். அந்த எண் அந்த வாரம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எல்லாவற்றையும் சொல்வதாக ஒப்புக்கொண்டதால் அதையும் சொல்கிறேன்.

ஜூன் எட்டாம் தேதியோடு மூன்று மாதம் முடிந்தது. பெட்டி தானாக அழிந்துவிட்டது. நான் அச்செடுத்து வைத்தவை மட்டும் மிச்சம். என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன, அப்புத்துரையின் இரண்டாம் பக்கங்களோடு.

பாட்டுகளை மார்ச்சிலேயே ஹபீபா பீவி என்ற ஒரு விதவையின் பெயருக்கு மாற்றியிருந்தேன். அந்த அம்மாவும் பதில் போட்டு வருத்தம் தெரிவிக்கிற ஆள் என்று நினைத்தேன். முதல் கடிதத்துக்கே அவருடைய மருமகன் உங்களிடம் வந்துவிட்டார். அங்கே நான் ஆளைத் தப்பாக எடை போட்டுவிட்டேன். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர், இதை மலாய்க்கு மாற்றும்போது ஓர் இடத்தில் உங்கள் பேனா நிற்கும். அப்பாவின் சொல் வராமல் ஏற மாட்டேன் என்று எழுதியவள் எப்படிப் படகில் ஏறினாள் என்று ஓரத்தில் கேள்விக்குறி போடுவீர்கள். அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி, மூடிய கணக்கை அந்த ஒரு ராத்திரிக்குத் திறந்து, அப்புத்துரையின் முகவரியிலிருந்து, அவருடைய பாஸ்வேர்டில் நுழைந்து நான் எழுதினேன். இரு என்று எழுதியிருந்தால் அவள் இருந்திருப்பாள், வாராவாரம் எழுதிக்கொண்டும் இருந்திருப்பாள். போ என்றால் இந்தியா. அங்கே அந்த அட்டை கிடையாது, கொழும்பு அலுவலகம் கிடையாது. இந்தியாவில் சாப்பாடும் பாதுகாப்பும் உண்டு என்று பேப்பரில் படித்திருந்தேன். யாருக்கும் கெடுதல் இல்லாத வழி அதுதான். அவருடைய நான்கு பக்கங்களை முன்னால் வைத்துக்கொண்டு, அவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன். அன்புள்ள கமலத்துக்கு, உனது கடிதங்கள் கிடைத்தன. தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறேன். யோசிக்க வேண்டாம், பிள்ளைகளோடு புறப்படு. போய்ச் சேர்ந்ததும் அறியத் தரவும். ஆசிகளுடன், அப்பா.

ஆறு நாளில் அவளிடமிருந்து பதில் வந்தது. சந்தோஷம் அப்பா, நாளைக்குப் புறப்படுகிறோம்.

வரும் திங்கட்கிழமையும் அப்புத்துரை வருவார். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது இனி உங்கள் வேலை. என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். அவர் வந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஒன்றை மட்டும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். வக்கீல், கோலாலம்பூர், சுலைஹா அக்கா, எல்லோரும் அவரவர் ரூல்படி நடந்தார்கள், முகாமில் ஒரு பெண் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் போட்டவன் நான் ஒருவன்தான்.